சிவப்புக் கயிறு கட்டிய வாழைகள்

ஜெஞ்சாரோமில் உஷாராணியின் தோட்டத்துக்கு வழி சொல்வது சுலபம். அல்லூர் என்கிற பெரிய வடிகால் வாய்க்காலை ஒட்டியே போனால் இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை கறுத்து நிற்கும். நடுவில் ஒரே ஒரு துண்டு நிலம் மட்டும் வெளிர்ப் பச்சையாகத் தெரியும். அதுதான். அங்கே வாழைக் குலையைத் தேடக் கூடாது. அந்தத் தோட்டத்தில் பழம் யாருக்கும் வேண்டாம், இலைதான் பயிர். குருத்து விரிந்து, காற்றில் கிழிவதற்குள் வெட்டி, துடைத்து, அடுக்கி, கட்டாகக் கட்டி, காலையிலேயே லோரியில் ஏற்றிவிட வேண்டும். மதியம் அந்த இலையில் யாரோ சாம்பாரைக் குழைத்துச் சாப்பிடுவார்கள்.

உஷாராணி மண்ணில் கை வைத்ததே நாற்பது வயதுக்கு மேல்தான். அதற்கு முன் இருபது வருடத்துக்கும் மேலாக அவள் எதைத் தொட்டாலும் கையுறை போட்டுத்தான் தொட்டாள். சுங்கை வேயில் ஒரு சிப் தொழிற்சாலை. தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி, முகமூடி. கண் மட்டும்தான் வெளியே. தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பி ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது அவள் வேலை. ஒரு பொடுகுத் துணுக்கு விழுந்திருந்தாலும் அது கழிவு. சந்தேகம் வந்தால் சூப்பர்வைசரைத் தேடி ஓட வேண்டியதில்லை. தட்டில் ஒரு சிவப்பு அட்டையை மாட்டிவிட்டால் போதும். அதற்குப் பிறகு மேனேஜரே வந்தாலும் அந்தத் தட்டை அடுத்த மேசைக்கு நகர்த்த முடியாது. ‘ஹோல்ட்’ என்பார்கள்.

அந்தப் பேச்சு அவளோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. குழம்பு லேசாக வாடை அடித்தால், “இது ஹோல்டு. யாரும் தொடாதீங்க” என்பாள். கணவன் கமலநாதன் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். அவர் சம்பளம் வந்த அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகச் சிரித்துக்கொண்டு வந்தால் அவரும் ஹோல்டில்தான், ஊதிக் காட்டும் வரைக்கும்.

தொழிற்சாலை அந்த வேலையை வேறு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனபோது அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கமலநாதனுக்கும் முதுகு போயிருந்தது. அவர் பங்குக்கு வந்திருந்த ஜெஞ்சாரோம் நிலத்தில் கிழட்டுச் செம்பனைகளைச் சாய்த்துவிட்டு, பழத்துக்கென்று வாழை வைத்தார்கள். வாடல் நோய் வந்து ஒரே மழைக்காலத்தில் பாதி மரம் படுத்துவிட்டது.

அப்போது வந்தவர்தான் வேலாயுதம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சந்துக்குள் சைவச் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். நெற்றியில் திருநீறு காயாமல் கல்லாவில் உட்கார மாட்டார். கடைக்கு முட்டை போட்ட கேக்கை யாராவது கொண்டுவந்தால்கூட, “வெளியில நின்னு சாப்பிட்டுட்டு வாங்க” என்று சொல்லிவிடுவார். கமலநாதனின் தூரத்துச் சொந்தம். துக்கம் விசாரிப்பது மாதிரி தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“பழம் வராட்டிப் போவுது, உஷா. இலை வருதுல்ல? இலைக்குன்னு இருக்குற வாழைய வையி. எனக்கு இலையக் கொண்டா.”

அப்படித்தான் ஆரம்பித்தது. வேலாயுதம் அண்ணனின் கடைக்குத்தான் முதல் கட்டு, நல்ல கட்டு. மிச்சம் கிள்ளான் கடைகளுக்கு. புரட்டாசி மாதம் வந்தால் அவருக்கே போதாது. வருடம் முழுக்க ஆட்டையும் கோழியையும் ஒரு கை பார்க்கிறவர்கள் எல்லாம் புரட்டாசிச் சனிக்கிழமையில் அவர் கடை வாசலில் வரிசை பிடிப்பார்கள். அந்த ஒரு மாதம்தான் தோட்டத்தை மிச்ச மாதங்களுக்குத் தாங்கியது.

பிறகு புள்ளி வந்தது.

முதலில் நரம்போடு சேர்ந்த மஞ்சள் கீற்று. இரண்டு மழை தாண்டினால் காப்பித்தூளைத் தூவினாற்போல் ஆகும். அப்புறம் புள்ளி காய்ந்து உதிர்ந்து ஓட்டை. பழம் விற்கிறவனுக்கு இலையில் நாலு புள்ளி இருந்தால் ஒன்றும் குடி முழுகாது. இலை விற்கிறவளுக்கு வேறு என்ன இருக்கிறது? வேலாயுதம் கட்டுகளைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்.

“ரசம் ஊத்துனா மேசைக்குப் போயிருது உஷா. கஸ்டமர் வேட்டிய நானா தொவைக்கிறது?”

பந்திங்கில் மருந்துக் கடைக்காரப் பையன் ஒரு போத்தலை எடுத்து நீட்டினான். “இத அடிங்க அக்கா. ஒரே வாரம், கிளீனா போயிரும்.”

“அடிச்சு எத்தன நாள் கழிச்சு இலைய வெட்டலாம்?”

அவன் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “பழத்துக்குத்தான் போட்டிருக்கு. இலைய யாரும் சாப்பிட மாட்டாங்கல்ல லா.”

“இலையிலதான தம்பி சாப்பிடுறாங்க.”

அவள் போத்தலை வைத்துவிட்டு வந்துவிட்டாள். இலை என்பது தட்டு. தட்டில் விஷம் அடித்துவிட்டு வேறொருவரைச் சாப்பிடச் சொல்ல அவளால் முடியாது.

கமலநாதன் பேசிப் பார்த்தார். நாகையா என்று ஒரு கண்டெய்னர் தரகர், நிலத்தை நிரவிக் கல் கொட்டி, காலிக் கண்டெய்னர் அடுக்கும் இடமாக்கித் தரச் சொல்லி அவரைத் தொந்தரவு செய்துகொண்டிருந்தார். “கண்டெய்னருக்குப் புள்ளி விழாது, உஷா. மழை பெஞ்சாலும் அது பாட்டுக்கு நிக்கும்.”

“இந்தப் புரட்டாசி வரைக்கும் பாப்போம். இலை தேறலன்னா நானே நாகையாவுக்கு டீ போட்டுக் குடுக்கறேன்.”

அந்த நேரத்தில்தான் ஏமி வந்து சேர்ந்தாள். கிள்ளானில் மெதடிஸ்ட் குடும்பம். அப்பா ரயில்வேயில் இருந்தவர். ஏமி பல்கலைக்கழகத்தில் செடிகளின் நோய் பற்றி ஆராய்ச்சி செய்பவள். டாக்டர் பட்டம் இருந்தும் முதுகில் மருந்தடிக்கும் பம்பைத் தானே மாட்டிக்கொள்வாள். அல்லூர் ஓரத் தோட்டங்களில் தன் மருந்தைச் சோதித்துப் பார்க்க இடம் தேடிக்கொண்டிருந்தாள். தோட்டத்துக் குடிசையான பொண்டோக்கில் உட்கார்ந்து, டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்:

“இது நானோ, ஆன்டி. நானோன்னா ரொம்ப ரொம்ப சின்னது. எப்படிச் சொல்றது…”

“மைக்ரோனுக்கும் கீழயா?”

ஏமி டீயைக் கீழே வைத்தாள். “ஆன்டிக்கு மைக்ரோன் தெரியுமா?”

“நான் சிப் கிலாங்ல இருந்தவ. இருபத்தஞ்சு மைக்ரோன் கம்பி. அதுக்கும் சின்னதை மெஷின்தான் பாக்கும், நாங்க பாக்க மாட்டோம்.”

“அப்ப எனக்கு வேலை ஈசி. ஒரு முடிக்குக் குறுக்க ஆயிரம் துகளை நிக்க வைக்கலாம். அவ்ளோ சின்னதா இருக்கறதால இலை மேல ஒட்டிக்கும், மழையில லேசுல கழுவிட்டுப் போவாது. இலையோட வாசல் இருக்கு பாருங்க, மூச்சு விடுற ஓட்டை, அது வழியா உள்ளயும் போவும். போயி, ‘திருடன் வரான்’னு வாழைய எழுப்பி விடும். மிச்சத்த வாழையே பாத்துக்கும். கொஞ்சூண்டு அடிச்சாப் போதும்.”

உஷாராணி மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்தது போல நிமிர்ந்து உட்கார்ந்து கேள்விகளைக் கேட்டாள். விஷமா? இல்லை. குழந்தை நக்கினால்? ஒன்றும் ஆகாது, சோதித்தாகிவிட்டது. வாடை? இல்லை. கறை? இல்லை. சுடுசோறு போட்டால்? ஒன்றும் ஆகாது. தண்ணீர் தெளித்துத் துடைத்தால் போய்விடுமா? கொஞ்சம் போகும், கொஞ்சம் ஒட்டியிருக்கும்.

“ஹலால்கூடப் பாத்தாச்சு ஆன்டி,” என்று ஏமி சிரித்தாள். “யூனிவர்சிட்டில அதத்தான் மொதல்ல கேட்டாங்க.”

“அது சரி, அது கேக்காம விடுவாங்களா,” என்று உஷாராணியும் சிரித்தாள்.

ஒன்று விட்டு ஒன்றாகச் சில வரிசைகளுக்கு மட்டும் அடிப்பது என்று முடிவானது. அடித்த வரிசையையும் அடிக்காத வரிசையையும் ஒப்பிட வேண்டுமே. அடித்த வரிசைக்குத் தலைப்பிலும் கடைசியிலும் சிவப்பு ராஃபியா கயிற்றைக் கட்டினாள் ஏமி. சிவப்பைப் பார்த்ததும் உஷாராணிக்குக் கை லேசாகத் தயங்கியது. பழைய வேலையில் அந்த நிறத்துக்கு ஒரே அர்த்தம்தான். ஆனால் ராஃபியா வேறு நிறம் கைவசம் இல்லை.

மருந்து மந்திரம் போலெல்லாம் வேலை செய்யவில்லை. புள்ளி விழுந்த பழைய இலை பழைய இலையாகவே காய்ந்தது. புதிதாக விரிந்த குருத்தில்தான் வித்தியாசம். சிவப்புக் கயிறு கட்டிய வரிசையில் இலைக்கு ஒன்றிரண்டு கீற்றுதான். பக்கத்து வரிசையில் அம்மை வார்த்தாற்போல். உஷாராணி தினமும் காலையில் இலையை வானத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பாள். வெளிச்சம் ஓட்டையில்லாமல் பச்சையாகக் கசியும். நல்ல இலையை யாருக்குக் கொடுப்பது? யோசிக்கவே இல்லை. சிவப்புக் கயிற்று வரிசையின் இலை எல்லாம் வேலாயுதம் அண்ணனுக்குத்தான் போனது.

“இதான் உஷா இலை!” என்று அவர் போனில் கத்தினார். “புரட்டாசிக்கு எல்லா இலையும் எனக்கே வேணும். வேற எங்கயும் குடுத்துராத.”

ஆவணி கடைசியில் ஒரு நாள், தோட்டம் முழுவதுக்கும் அடித்துவிடலாம் என்று உஷாராணி தீர்மானித்தாள். ஏமி வந்திருந்தாள். மத்தியான வேளை, பொண்டோக்கில் மூவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள்.

“இவ்ளோ மருந்துக்கு சாமான் கெடைக்குமா உனக்கு?” என்று கமலநாதன் கேட்டார்.

“அதுக்குப் பஞ்சமே இல்ல அங்கிள். புலாவ் கெத்தாம் தீவுப் பக்கம் டன் கணக்கா தூக்கிப் போடறாங்க.”

“எத?”

“எறா ஓடு. அதக் காய வச்சி, அரைச்சி, சுத்தம் பண்ணி எடுக்கறதுதான் இது. குப்பையில போறத மருந்தாக்குறோம்,” என்று சொல்லிவிட்டு ஏமி அப்பளத்தைக் கடித்தாள். இந்த ஆராய்ச்சியில் அவளுக்குப் பெருமையே அந்த ஒரு விஷயத்தில்தான்.

உஷாராணியின் கை சோற்றிலேயே நின்றது.

“எறாவா?”

“எறா ஓடு மட்டும்தான் ஆன்டி. சதை இல்ல. அலர்ஜி இருக்கறவங்களுக்கும் ஒண்ணும் ஆவாம, நல்லா சுத்தம் பண்ணி…”

“வேலாயுதம் அண்ணன் கடை சைவம்மா.”

முதலில் ஏமிக்குப் புரியவில்லை. புரிந்தபோது முகம் மாறியது. அல்லூர்ப் பக்கம் எங்கோ ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

“ஐயோ ஆன்டி. ஹலாலான்னு பத்து பேரு கேட்டாங்க. இது மட்டும் ஒருத்தரும் கேக்கல. எனக்கும் தோணல. எங்க வீட்டுல எறா சம்பல் இல்லாத ஞாயித்துக்கெழமையே இல்ல.”

“எனக்கும்தான் தோணல,” என்றாள் உஷாராணி. அத்தனை கேள்வி கேட்டவள். சுடுசோறு வரைக்கும் கேட்டவள். மருந்தைப் பார்த்து ‘நீ சைவமா’ என்று யாருக்குக் கேட்கத் தோன்றும்?

கை கழுவிவிட்டு அவள் நேராகத் தோட்டத்துக்குள் நடந்தாள். மருந்து அடித்த வரிசைகளில் சிவப்புக் கயிறு ஏற்கெனவே கட்டியிருந்தது. மறுநாள் காலைக்கென்று வெட்டி அடுக்கியிருந்த நல்ல கட்டுகளை லோரியிலிருந்து இறக்கினாள்.

“என்ன பண்ற?” என்று கமலநாதன் பின்னாலேயே வந்தார்.

“ஹோல்டு.”

“அட, விஷமா அது? யாருக்கு என்னா ஆச்சு? புரட்டாசிக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கு. இப்பப் போயி அவருகிட்ட எறான்னு சொன்னீன்னா நாகையாவுக்கு டீ போட வேண்டியதுதான்.”

“தெரியுது.”

“வேருக்கு உரமா மீன் தண்ணிதான ஊத்துறோம்? அப்ப இவ்ளோ நாளு அந்த இலை சைவமா?”

அந்தக் கேள்வி அவளையும் குடைந்துகொண்டுதான் இருந்தது. “அது மண்ணுக்குப் போவுது. மண்ணு, வேரு எல்லாம் தாண்டி வாழை அத வேற ஒண்ணா ஆக்கிருது. இது இலை மேல நிக்கிது. சோறு விழுற எடத்துல.”

“கண்ணுக்கே தெரியாது, உஷா! முடிக்குக் குறுக்க ஆயிரம்னு அந்தப் புள்ளையே சொல்லுச்சில்ல?”

“கண்ணுக்குத் தெரியாததப் பாத்துத்தாங்க இருபது வருஷம் சம்பளம் வாங்குனேன்.”

கமலநாதன் லோரிச் சாவியை எடுத்துக்கொண்டார். ஏமி தானும் வருகிறேன் என்றாள். உஷாராணி வேண்டாம் என்றுவிட்டாள். “மருந்து ஒன்னுது. இலை என்னுது. குடுத்தது நான்.”

அன்று பிரிக்பீல்ட்ஸில் அவர்கள் நுழைந்தபோது சாப்பாட்டுக் கூட்டம் கலைந்திருந்தது. வேலாயுதம் கல்லாவில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். உஷாராணியைக் கண்டதும், “என்ன, முதலாளியம்மாவே நேர்ல? வா வா, சாப்பிட்டியா?” என்றார்.

அவள் நின்றுகொண்டே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. மருந்து எதில் செய்தது என்பது, எந்த மாதத்திலிருந்து, கயிறு கட்டிய எந்தெந்த வரிசைக்கு அடித்தது என்பது, அந்த இலை எல்லாம் இந்தக் கடைக்குத்தான் வந்தது என்பது. கமலநாதன் வாசலிலேயே நின்று லோரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலாயுதம் மோர் டம்ளரைக் கையில் வைத்தபடியே இருந்தார். பிறகு எழுந்து சமையலறைக்குள் போனார். அங்கே அடுக்கி வைத்திருந்த இலையில் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். வைத்துவிட்டு வந்தார்.

“நானும் அதுலதான சாப்பிட்டேன்.”

“ஆமாண்ணே.”

“நான் மால போட்டுக்கிட்டு ஆடிக் கிருத்திகைக்குச் சாப்பிட்டது?”

“அதுவும்தான்ணே.”

“இப்ப என்ன செய்யச் சொல்ற? தொண்டையில வெரல விட்டு வாந்தி எடுக்கவா?” குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. “நீ சொல்லாமயே இருந்திருக்கலாம்ல?”

“இருந்திருக்கலாம்ணே.”

“இருந்திருக்க வேண்டியதுதான? ஒனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா அது ஒன் பாடு. இப்ப எனக்கும் தெரிஞ்சுபோச்சு. இனி நானும் சுமக்கணும். இலையப் போடும்போதெல்லாம் நெனைக்கணும்.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தொழிற்சாலையில் சிவப்பு அட்டை மாட்டியதும் அவள் வேலை முடிந்துவிடும். அந்தத் தட்டின் கவலையை அதற்குப் பிறகு யார் வீட்டுக்குச் சுமந்துகொண்டு போனார்கள் என்று அவள் என்றைக்கும் யோசித்ததில்லை.

“நாளையிலேர்ந்து இலை கொண்டு வராத,” என்றார் வேலாயுதம். மோரை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனார்.

திரும்பி வரும்போது கமலநாதன் ரேடியோவைப் போடவில்லை. ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று சொல்ல அவருக்கு ஜெஞ்சாரோம் வரைக்கும் நேரம் இருந்தது. சொல்லவில்லை. அதற்காகவே அன்று அவருக்குப் பிடித்த கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்தாள்.

அந்த வாரம் தோட்டத்தில் விரிந்த குருத்தில் பாதிக்கு மேல் வெட்டாமலே காற்றில் கிழிந்தது. நாகையா வந்தார், உண்மையாகவே டீ குடித்தார், காலால் மண்ணை அழுத்திப் பார்த்தார். “கல்லு கொஞ்சம் அதிகமா கேக்கும், பரவால்ல,” என்றார். உஷாராணி வாழைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

புரட்டாசி முதல் சனிக்கிழமைக்கு முந்தின நாள் மத்தியானம் போன் வந்தது.

“உஷா, கயிறு கட்டாத வரிசைன்னு சொன்னியே. அதுல இலை இருக்கா?”

“இருக்குண்ணே. ஆனா புள்ளி. ஓட்டைகூட உண்டு.”

“நெறைய ஓட்டையா?”

“ரெண்டு இலைய ஒண்ணு மேல ஒண்ணு போட்டாத் தாங்கும்.”

வேலாயுதம் ‘உம்’ கொட்டினார். பிறகு, “இங்க வேற ஒருத்தன் இலை போட்டான். பளபளன்னு இருக்கு. ஒரு புள்ளி இல்ல, ஒரு கீத்து இல்ல. என்னப்பா அடிச்சன்னு கேட்டேன். ‘ஒண்ணும் அடிக்கல போஸ்’ங்கறான். இந்த மழையில, ஒண்ணுமே அடிக்காம, ஒரு புள்ளி இல்லாம! எனக்கு நம்ப முடியல. எறான்னாகூட எறான்னு தெரியும். இவன் எதுன்னு தெரியல. நீ ஒன் புள்ளி இலையவே கொண்டா.”

கயிறு கட்டாத வரிசைகளில் அன்று மாலையே வெட்டினார்கள். ஏமியும் வந்து துடைத்தாள். சனிக்கிழமை கட்டுகளை இறக்கிவிட்டுக் கிளம்பப் பார்த்தவர்களை வேலாயுதம் விடவில்லை. “உக்காந்து சாப்பிடுங்க. என் கடையில என்ன நடக்குதுன்னு நீயும் பாரு,” என்று உஷாராணியிடம் சொன்னார். அதில் கோபம் இன்னும் மிச்சம் இருந்தது.

பக்கத்து மேசையில் ஓர் ஆபீஸ்காரர் இலையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “என்ன போஸ், இலைக்கு அம்மை போட்டிருக்கு?”

“புரட்டாசியில்ல? அதுவும் வெரதம் இருக்கு, மெலிஞ்சு போச்சு. சாப்பிடுங்க.”

“ரசம் ஒழுகுது போஸ்!”

“சீக்கிரம் சாப்பிட்டா ஒழுகாது.”

அந்த மனிதர் சிரித்துக்கொண்டே இன்னொரு இலையை அடியில் போடச் சொன்னார். ஒரு குடும்பம் முகத்தைச் சுளித்துவிட்டு எழுந்து போனது. வேலாயுதம் அவர்களைத் தடுக்கவில்லை. ஆனால் கல்லாவுக்கு வந்த பழைய வாடிக்கையாளர்கள் சிலரிடம் மட்டும் குனிந்து, மெல்ல, என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்னொருவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். என்ன சொன்னார் என்று உஷாராணி கேட்கவில்லை. சுமையை அவர் இறக்கிவைத்துக்கொண்டிருந்தார் என்பது மட்டும் புரிந்தது. தன் இலையில் விழுந்த சோற்றை அவளால் அன்றைக்குத்தான் நிம்மதியாகப் பிசைய முடிந்தது.

சிவப்புக் கயிற்று வரிசைகளுக்கும் வழி பிறந்தது. பங்சாரில் மீன் தலைக் கறிக்குப் பேர் போன ஒரு கடையின் சமையல்காரர் கன்னையாவிடம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“இலையிலயே எறாவா? அப்ப கொழம்புல கொஞ்சம் கொறைச்சுக்கலாம்க்கா. கொண்டாங்க, கொண்டாங்க.”

அங்கே போகும் கட்டுக்குச் சிவப்புக் கயிறு என்றானது. வேலாயுதத்துக்குப் போகும் கட்டுக்கு வெள்ளைக் கயிறு. லோரியில் இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் நடுவில் ஒரு பலகை. கமலநாதன் அதை முணுமுணுத்துக்கொண்டேதான் ஆணி அடித்தார்.

ஆனால் வெள்ளைக் கயிற்று இலையில் புள்ளி கூடிக்கொண்டுதான் போனது. மழை நிற்கவில்லை. இன்னொரு புரட்டாசிக்கு அது தாங்காது என்று எல்லோருக்கும் தெரியும். ஏமி கொஞ்ச நாள் கண்ணிலேயே படவில்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை, கண்ணாடிப் போத்தலில் பால் போல எதையோ எடுத்துக்கொண்டு வந்தாள். அன்று வேலாயுதத்துக்குக் கடை விடுமுறை. அவரும் வந்திருந்தார், தோட்டத்தைத் தன் கண்ணால் பார்க்க. மீன் தண்ணீர் பீப்பாயைத் தாண்டும்போது மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு, “இத நான் பாக்கல,” என்றார்.

“இது எறா இல்ல அங்கிள்,” என்று ஏமி முந்திக்கொண்டாள். “காளான். காளான் தோட்டத்துல தண்ட வெட்டி வீசறாங்கல்ல, அதுலயும் இதே பொருள் இருக்கு. அதுலேர்ந்து எடுத்து நானோவாக்கிப் பாக்குறோம்.”

“இலையில வர்ற புள்ளி என்ன நோயின்னு சொன்ன?”

“பூஞ்சை. அதுவும் காளான் ஜாதிதான்.”

வேலாயுதம் உஷாராணியைத் திரும்பிப் பார்த்தார். “காளான வெரட்டக் காளானா? எங்க மாமன் மச்சான் பஞ்சாயத்து மாதிரியில்ல இருக்கு.”

“வேலை செய்யுமான்னு இன்னும் தெரியாது அங்கிள். லேப்ல எறா அளவுக்கு நல்லா வரல. திரண்டுக்குது, பம்பு மூக்கு அடைச்சுக்குது. ரெண்டு வரிசையில அடிச்சுப் பாக்கலாம்னுதான்.”

“அதக் கரைக்க என்ன ஊத்துன?” என்று உஷாராணி கேட்டாள்.

“லேசா புளிப்புத் தண்ணி. வினிகர் மாதிரி.”

“அந்தப் புளிப்பு எதுலேர்ந்து எடுத்தது?”

“…செடியிலேர்ந்துதான் ஆன்டி. கேட்டுட்டு வந்தேன்.”

“ஒட்டறதுக்கு வேற ஏதாச்சும் சேத்தியா?”

“இல்ல.”

“பம்பு பழசா? எறா அடிச்ச பம்பா?”

ஏமி சட்டென்று முதுகில் இருந்த பம்பைக் கழற்றிக் கீழே வைத்தாள். மூவரும் அதைப் பார்த்தார்கள். வேலாயுதத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆவணிக்குப் பிறகு உஷாராணி அந்தச் சிரிப்பைக் கேட்கவில்லை.

“புதுப் பம்பு நான் வாங்கித் தரேன்,” என்றார். “என் கடைப் பேர அதுல எழுதிப் போடுங்க. ஆனா ஒண்ணு. இனிமே ஒவ்வொரு வாட்டியும் கேப்பேன். கட்டு எறங்கும்போதெல்லாம் கேப்பேன்.”

“கேளுங்கண்ணே,” என்றாள் உஷாராணி. பழைய பம்பை எடுத்துக்கொண்டு போய், அதன் கைப்பிடியில் ஒரு துண்டு சிவப்பு ராஃபியாவைக் கட்டினாள்.

அப்போது பொண்டோக்கில் கமலநாதனின் போன் அடித்தது. அவர் இவர்கள் பக்கம் முதுகைக் காட்டி நின்று பேசினார். இருந்தாலும் லோரிக்காரர் குரல். அல்லூர் வரைக்கும் கேட்டது.

“ஆங், நாகையா… கல்லா? இல்ல இல்ல, கல்லு கொட்ட வேணாம். அடுத்த வருசம் எப்படின்னு எனக்கும் தெரியாது… இல்லப்பா, வேற யாருக்கும் குடுக்கல.” கொஞ்சம் தயங்கினார். “எடம் ஹோல்டுல இருக்கு.”